மூன்றாவது விட்டம்

டனீடின் மலைச்சரிவில் ஒரு மரவீடு.
வெயில் வடக்கிலிருந்து விழும் தேசம் இது.
வீடோ தெற்கே முகம் திருப்பி நிற்கிறது.
மூன்று படுக்கையறை, வாரம் அறுநூற்றுப் பத்து டாலர் வாடகை,
"குடியிருப்பவரோடு விற்பனைக்கு"
என்று பலகையில் எழுதியிருந்தது,
திரைச்சீலையோடு, அடுப்போடு என்பதுபோல.

வாங்குமுன் பார்த்துச் சொல்வது என் தொழில்.
முழங்காலுக்கு உறை, நெற்றியில் விளக்கு, கையில் ஈரமானி.
அலமாரிக்குள் இருக்கும் பலகையைத் தூக்கித்
தரைக்கடியில் இறங்கி
முழங்கையால் நகர்ந்து போவேன்.

முதல் முறை ஒரு பல் மருத்துவருக்காக.
குளியலறைக்கு நேர்கீழே மூன்றாவது விட்டத்தில்
திருப்புளியைக் குத்தினேன்.
தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி
பிடிவரை உள்வாங்கிக்கொண்டது.
எழுதிக் கொடுத்தேன். பணம் கொடுத்தார்.

அடுத்து, பள்ளிப் பேருந்து ஓட்டும் எய்ல்சா மக்ரேவுக்காக.
ஐம்பத்தெட்டு வயது.
ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால்
முதுகு பிடித்துக்கொள்ளும் காலைகளில்
வண்டி எடுக்க வேண்டியதில்லை.
நோட்டில் பென்சிலால் கணக்கு:
வட்டி அரை சதவீதம் ஏறினால் ஒரு பத்தி,
இன்னும் ஏறினால் என்று இன்னொரு பத்தி,
இரண்டு மாதம் ஆளில்லாமல் கிடந்தால்
என்பதற்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும்.
விட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.
பேசாமல் அழிப்பானை எடுத்தாள்.

மூன்றாவது ஆள். நான்காவது ஆள்.
அதே விட்டம்.
என் திருப்புளி போட்ட ஓட்டைகளே
அங்கே வரிசையாய் எனக்காகக் காத்திருந்தன.
ஒருவர் காசில் கண்டதை
இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி.
ஆகவே ஒவ்வொரு முறையும்
புதிதாகக் கண்டேன்.

நான் போகும்போதெல்லாம் கதவைத் திறப்பவள் செஃபினா.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை;
தூங்க வேண்டிய வேளையில் சாவியோடு நிற்பாள்.
சனிக்கிழமை நாற்பது பேர் வந்து
அவள் கட்டிலைச் சுற்றி நடந்தார்களாம்.
ஒருவர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாராம்.
"அது விலைக்கு இல்லை" என்றாளாம்.

நான்காம் முறை நான் தூசியோடு மேலேறியதும்
"கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.
அறிக்கை காசு கொடுத்தவருடையது.
"எலி இல்லை" என்றேன்.
அது பொய்யில்லை.

வியாழன் நாலு மணிக்கு உறைகளைப் பிரித்தார்கள்.
பதினோரு உறை.
நிபந்தனை எதுவும் வேண்டாம், சோதனையும் வேண்டாம்
என்று எழுதிய ஆக்லாந்துக்காரர் ஒருவருக்குப் போனது,
ஊருக்கே வராதவருக்கு.
எய்ல்சா பதினாலாயிரத்தில் தோற்றாள்.
தொலைபேசியில் எனக்கு நன்றி சொன்னாள்,
எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் முறை யாரும் என்னை அழைக்கவில்லை.
ஆனாலும் நடுராத்திரியில் அந்த விட்டம் ஞாபகம் வரும்.
அதன்மேல் தொட்டி, தொட்டியில் தண்ணீர்,
தண்ணீரில் பிள்ளைகள்.
ஜூலையில் ஒருநாள் போய்க் கதவைத் தட்டினேன்.
வாடகை அறுநூற்றுத் தொண்ணூற்றைந்தாம் இப்போது.

"தொட்டியை நிரப்பாதீர்கள்" என்றேன்,
தொழிலில் முதன்முறையாக, இலவசமாக.

"இரண்டு வருஷமாக நிரப்புவதில்லை" என்றாள் செஃபினா.
"அந்த இடம் காலுக்கு மெத்தென்று இருக்கும்.
முன்பு இருந்த ஓனருக்கு எழுதினேன், பதில் இல்லை.
அதற்கப்புறம் இத்தனை பேர் வந்தீர்களே,
ஒருத்தராவது என்னிடம் கேட்டீர்களா?"

நான்கு அறிக்கை, ஒன்றுக்கு எழுநூறு என்று
மனம் தன்பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டது.

வாசலில் மழை பிடித்துக்கொள்ளவே உள்ளே வரச் சொன்னாள்.
ஷூவைக் கழற்றினேன்.
கை கழுவக் குளியலறைக்குப் போகையில்
அவளுடைய ஆறு வயது மகன் தவிதா
என் விரலைப் பிடித்துக்கொண்டான்:
இங்கே கால் வைக்கணும்,
அப்புறம் இங்கே,
அப்புறம் ஒரு தாண்டு.